மீதி உடம்பு எங்கே போகிறது? உருமாற்றக் கதைகளில் அளவின் கணக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் எழுதும் கதையில் ஒரு சாபத்தால் அக்கா எறும்பாகிவிடுகிறாள், தம்பி பாறையாகிவிடுகிறான். படித்த நண்பர், "ஐம்பது கிலோ மனுஷி எறும்பானால் மீதி உடம்பு எங்கே போச்சு?" என்று கேட்டுவிட்டார். இதற்குக் கதைக்குள் விளக்கம் தர வேண்டுமா, தராமல் எப்படி நம்ப வைப்பது என்று கேட்கிறீர்கள்.

முதலில் எடைக் கணக்கையே போட்டுப் பார்த்துவிடலாம். அக்கா 50 கிலோ. எறும்பு 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது கோடியில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் ஆற்றலாக மாறிவிட்டது என்று எழுதினால், ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி அது ஆயிரம் மெகாடன் வெடிக்கு மேல் வரும். மனிதர்கள் இதுவரை வெடித்ததிலேயே பெரிய குண்டு 1961இல் சோவியத் யூனியன் சோதித்தது; அது சுமார் 50 மெகாடன். அதைப்போல இருபது மடங்கு. சாபம் கொடுத்தவரும் மிஞ்ச மாட்டார், கதை நடக்க இடமும் மிஞ்சாது. சரி, எடை அப்படியே இருக்கட்டும், உருவம் மட்டும் சுருங்கட்டும் என்றால், ஊசிமுனை போன்ற ஆறு கால்களில் ஐம்பது கிலோ நிற்கிறது. அவள் நடக்க முடியாது, மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போவாள்.

மூன்றாவது வழி, மிச்ச உடம்பை வேறோர் இடத்தில் ஒதுக்கிவைப்பது. 1996இல் தொடங்கிய 'அனிமார்ஃப்ஸ்' என்ற சிறுவர் அறிபுனைத் தொடர் இதைத்தான் செய்தது. பிள்ளைகள் சின்னப் பூச்சிகளாக மாறும்போது மிஞ்சும் உடல் வேறொரு வெளியில் போய்க் காத்திருக்கும். அந்த வெளியைக் கடந்த விண்கலம் ஒன்றின் இழுப்பில் அந்த உடல்கள் மாட்டிக்கொள்வதையே ஒரு புத்தகத்தின் கதையாகவும் ஆக்கினார்கள். எனக்குப் பிடித்த தீர்வு அது. விளக்கம் சொன்னதோடு நிறுத்தாமல், அந்த விளக்கத்துக்கு ஒரு விலையும் வைத்தார்கள். அப்படி ஒரு விலை உங்கள் கதையில் இல்லையென்றால் விளக்கத்தைத் தொடவே வேண்டாம். பாதி விளக்கம் வாசகரைக் கணக்குப் போட உட்கார வைத்துவிடும்.

விளக்கமே சொல்லாத பழைய கதைகளை நாம் எப்படி நம்பினோம்? கந்தபுராணத்தில் சூரபன்மன் கடல் நடுவே மாமரமாக நிற்கிறான். வேல் பிளந்ததும் ஒரு பாதி மயிலாகவும் மறு பாதி சேவலாகவும் எழுகிறது. கடலை மறைத்து நின்ற மரம் எப்படி இரண்டு பறவைகளுக்குள் அடங்கியது என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. ஏனென்றால் அந்தப் பறவைகளும் சண்டைக்குத்தான் பாய்ந்து வருகின்றன. மரத்தில் இருந்த அதே சூரன்தான் இறகிலும் கொண்டையிலும் இருக்கிறான். முருகனின் பார்வை பட்ட பிறகுதான் அந்தச் சீற்றம் தணிகிறது. ஆளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே வருகிறோம், எடை நினைவுக்கே வருவதில்லை.

மாரீசனும் அப்படித்தான். பொன்மானாக மாறிய அரக்கன் அம்பு பட்டு விழும்போது இராமனின் குரலில் கூவுகிறான். உடம்பு முழுக்க மான், உள்ளே இருந்த வஞ்சம் மட்டும் மாறவில்லை. அந்த ஒரு கூவலில்தான் இராமாயணத்தின் பாதி தொங்குகிறது. ஹோமரின் ஒடிஸியில் கிர்கே என்ற மாயக்காரி மாலுமிகளைப் பன்றிகளாக்கித் தொழுவத்தில் அடைக்கிறாள். தலை, குரல், மயிர், உருவம் எல்லாம் பன்றி, அறிவு மட்டும் முன்புபோலவே என்று கவிஞர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். அழுதுகொண்டே அடைபடும் அந்தப் பன்றிகளிடம் போய் எடை எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

என் கருத்து இதுதான்: எது மாறவில்லை என்று ஆரம்பத்திலேயே காட்டிவிட்டால், எது மாறியது என்பதை வாசகர் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்வார். உங்கள் நண்பர் எடையைக் கேட்டார் என்றால், அந்த எறும்பில் அவருக்கு அக்கா தெரியவில்லை என்று அர்த்தம். அங்கேதான் திருத்த வேண்டும்.

அதற்காக அளவு முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மிச்ச உடம்பு எங்கே போனது என்பதை விட்டுவிடலாம். புதிய உடம்புக்கு உலகம் எப்படி இருக்கிறது என்பதை விடவே கூடாது. அங்கே இயற்பியல் உங்களுக்கு இலவசமாக அள்ளித் தரும்.

ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எறும்பளவு சுருங்கிய மனிதன் வேறு, எறும்பாகவே ஆன மனிதன் வேறு. நிறையப் பேர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். கலிலியோ 1638இல் எழுதிவைத்த விஷயம்: நீளம் பத்து மடங்கு மாறினால் பரப்பு நூறு மடங்கும் கனஅளவு ஆயிரம் மடங்கும் மாறும். 160 செ.மீ. உயரமுள்ள அக்காவை ஏழரை மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் நீளம் இருநூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே வரும். எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு இருநூறு மடங்குக்கு மேல் கூடிப்போகிறது. சூடான இரத்தம் உள்ள உடம்பு அந்த அளவில் சில நொடிகளில் குளிர்ந்துவிடும். பாலூட்டிகளில் எடை மிகக் குறைந்தவற்றில் ஒன்று எட்ருஸ்கன் மூஞ்சூறு. இரண்டு கிராம் இருக்கும். அதுவே உடம்புச் சூட்டைக் காப்பாற்ற நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இதயம் துடிக்க, ஒரு நாளில் தன் எடைக்கு மேல் தின்றாக வேண்டியிருக்கிறது. அதற்கும் நானூறில் ஒரு பங்கு எடையில் ஒரு மனுஷி வாழ வழியே இல்லை.

குரலும் போய்விடும். குரல்நாண் இருநூறில் ஒரு பங்கு ஆனால் சுருதி ஏறக்குறைய இருநூறு மடங்கு ஏறும். 200 ஹெர்ட்ஸில் பேசியவள் 40,000 ஹெர்ட்ஸில் பேசுவாள். மனிதக் காது 20,000த்தோடு நின்றுவிடும். "தம்பி!" என்று அவள் தொண்டை கிழியக் கத்துவாள், பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. சுருங்கிய மனிதர்கள் கீச்சுக்குரலில் பேசுவதாகக் கதைகளில் வருகிறதே, அதைவிட இது எவ்வளவு வலுவான காட்சி என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல வேளையாக உங்கள் அக்கா முழு எறும்பாகவே ஆகிறாள். எறும்புக்கு உடம்புச் சூடு காக்க வேண்டிய பாடு இல்லை, நுரையீரலும் இல்லை. உடம்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாது, எடைக்கு மிஞ்சிய பரப்பு காற்றில் தாங்கிவிடும். ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற உயிரியலாளர் 1926இல் இதைப் பற்றி ஓர் அழகான கட்டுரை எழுதினார். பூச்சிக்குப் புவியீர்ப்பைக் கண்டு பயமில்லை, தண்ணீரைக் கண்டுதான் பயம் என்று அதில் காட்டுகிறார்.

அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். குளித்துவிட்டு வரும் மனிதர் மேல் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஈரம் ஒட்டியிருந்தால், அது முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். நமக்கு அது ஒரு சுமையே இல்லை. அதே ஈரம் அக்காவின் புதிய அளவில் ஒட்டினால், அவள் எடையைப்போல மூன்று மடங்குக்கு மேல் வரும். இலை மேல் ஒரு பனித்துளி உட்கார்ந்திருக்கிறது. அவள் தலைக்கு மேல் கண்ணாடி மண்டபம்போல் புடைத்து நிற்கிறது, மேல்தோல் இழுத்துக் கட்டியதுபோல் விறைப்பாக இருக்கிறது. தாகம் எடுக்கிறது. மனுஷியாக இருந்த பழக்கத்தில் முகத்தை அப்படியே உள்ளே கொண்டுபோனால் துளி அவளைப் பிடித்துக்கொள்ளும், திரும்பி வருவது பெரும்பாடு. ஓரத்தில் நின்று வாயை மட்டும் தொட்டுக் குடிக்க வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரப்போவதில்லை. அவளுடைய முதல் நாள் அத்தியாயம் முழுவதையும் இந்த ஒரு துளியை வைத்தே எழுதிவிடலாம்.

அப்புறம், எழுத உட்காரும் முன் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து ஒரு கண்ணால் பாருங்கள். கதவுக்கு அடியில் உள்ள இடுக்கு வாசலாகத் தெரியும். ஒரு தலைமுடி குறுக்கே கிடக்கும் கயிறாகத் தெரியும். தூரத்து நாற்காலிக் காலில் வெளிச்சம் எங்கே படுகிறது, எங்கே நிழல் என்பதெல்லாம் புதிதாகத் தெரியும். நான் பல தடவை செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து யோசித்தால் தோன்றாத ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது.

பெரிதாக மாறும் பக்கம் சட்டம் தலைகீழ். மனிதனை அதே வடிவில் பத்து மடங்கு உயர்த்தினால் எடை ஆயிரம் மடங்கு ஆகும், எலும்பின் குறுக்குவெட்டு நூறு மடங்குதான் ஆகும். ஒரு அடி எடுத்து வைத்தால் தொடை எலும்பு முறியும். யானைக் கால் தூண்போல இருப்பதும், நீலத் திமிங்கிலம் தண்ணீரில் மட்டும் வாழ்வதும் இதனால்தான். இன்னொன்று, மெல்லக் கசியும் வலியைக் கொண்டுவரும் நரம்புகளில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகர்கிறது. ஒருவன் ஆயிரம் மீட்டர் உயர மலையாகி, நரம்புகள் மட்டும் பழையபடி இருந்தால், அடிவாரத்தில் யாரோ பாறை உடைக்கும் வலி உச்சிக்கு வர கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உடைத்தவர் வேலை முடிந்து கிளம்பியிருப்பார்.

அளவை வேண்டும்போது மாற்றிக்கொள்ளும் பாத்திரம் என்றால் அனுமனை விட்டால் வேறு ஆள் இல்லை. வால்மீகியின் சுந்தர காண்டத்தில் இலங்கைக்குள் நுழையும்போது பூனை அளவுக்குச் சுருங்குகிறான். எறும்பளவும் ஆகவில்லை, தூசியளவும் ஆகவில்லை. மதில் தாண்டவும், மாடம் மாடமாக நுழைந்து தேடவும், இரவில் காவலர் கண்ணில் படாமல் போகவும் அதுதான் சரியான அளவு. பிறகு, முதுகில் சுமந்துபோகிறேன் என்று சொல்லும்போது, இத்தனை சின்ன உடம்பு எப்படி என்னைத் தூக்கும் என்று சீதை சந்தேகப்படுகிறாள். அங்கேதான் மலைபோல வளர்ந்து காட்டுகிறான். வளர்வதற்கு ஒரு காரணம், சுருங்குவதற்கு ஒரு காரணம். எதிரில் இருப்பவருக்கு என்ன தெரிய வேண்டும், என்ன தெரியக் கூடாது என்பதுதான் அளவைத் தீர்மானிக்கிறது.

காஃப்காவின் உருமாற்றக் கதையில் இது இன்னும் நுட்பம். 1915இல் வெளிவந்தது. காலையில் விழிக்கும் கிரெகோர் சாம்சா பூச்சியாகிக் கிடக்கிறான். எவ்வளவு பெரிய பூச்சி? ஆசிரியர் எண்ணாகச் சொல்லவே இல்லை. ஆனால் கதவில் சாய்ந்து எழுந்து வாயால் சாவியைத் திருப்புகிறான், சோபாவுக்கு அடியில் போனால் முழுதாக மறைய முடியவில்லை. அறையும் கட்டிலும் பழைய அளவில்தான் இருக்கின்றன, அவனும் கிட்டத்தட்ட அந்த அறைக்கு உரிய அளவில்தான் இருக்கிறான். நிஜப் பூச்சி அளவுக்குச் சுருங்கியிருந்தால் கதை ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். கூட்டித் தள்ளிவிடுவார்கள், யாருக்கும் தெரியாது. நசுக்கவும் முடியாத, கூட வைத்து வாழவும் முடியாத அளவில் அவனை வைத்தார், அதனால் அது ஒரு குடும்பத்தின் கதையானது. அட்டைப்படத்தில் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிவதுபோலக்கூட வேண்டாம் என்று பதிப்பகத்துக்குக் கடிதமும் எழுதினார். வரைந்தால் அளவு ஒன்றில் நின்றுபோகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இனி தம்பிக்கு வருவோம். பொருளாக மாறுவது விலங்காக மாறுவதைவிட எழுதக் கடினம். எடை சிக்கல் இங்கே அவ்வளவு இல்லை. தம்பி 54 கிலோ என்றால், எடை மாறாமல் கருங்கல்லானால் இருபது லிட்டர் கனஅளவு வரும். பக்கத்துக்கு 27 செ.மீ. உள்ள ஒரு கல். ஒருவர் உட்காரலாம், அவ்வளவுதான். ஆள் வடிவம் மாறாமல் சிலையானால் எடை 146 கிலோ ஆகிவிடும். 'பாறை' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ வந்து அவன் மேல் உட்கார்ந்து இளைப்பாறும் அளவில் வைத்தால் கதைக்கு இன்னும் பொருந்தும் என்று தோன்றுகிறது.

கல்லின் சிக்கல் காலம்தான். விலங்குக்கு இன்றைக்கு ஒரு பசி, நாளைக்கு ஒரு பயம் இருக்கும். கல்லுக்கு என்ன நடக்கும்? வால்மீகியில் அகலிகை கல்லாகவே இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே சாபம். கம்பர் அவளைக் கல்லாக நிறுத்துகிறார். அது வந்த பிறகு நம் மனசில் வேறு அகலிகையே இல்லை. புதுமைப்பித்தன் தன் 'சாபவிமோசனம்' கதையில் அந்தக் கல்லை இன்னும் ஓர் அடி தள்ளிக்கொண்டு போனார். சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். முதல் தடவை முனிவர் கல்லாக்கினார். இந்தத் தடவை சபிக்க யாரும் தேவைப்படவில்லை, அவளே உள்ளிருந்து இறுகிப்போகிறாள். பொருளாக மாறும் கதைகளில் இதைவிடப் பெரிய இடத்தை நான் படித்ததில்லை.

உணர்வு இருக்குமா, இருக்காதா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பாகவதத்தில் குபேரனின் மகன்கள் நளகூபரனும் மணிக்கிரீவனும் நாரதர் சாபத்தால் இரண்டு மருதமரங்களாகிறார்கள். ஆனால் நினைவு போகாது என்று நாரதரே அருளும் செய்கிறார். கண்ணன் உரலை இழுத்துக்கொண்டு நடுவே வரும்வரை, நினைவோடு அசையாமல் நிற்கிறார்கள். நினைவு இருப்பது வரமா, தண்டனையா என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது. தம்பிக்கும் அப்படி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கண்ணும் காதும் வேண்டாம். சூடு, குளிர், அதிர்வு, பாரம் இந்த நான்கு போதும்.

அக்காவின் மனசுக்கு வேறு வழி உண்டு. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள், எறும்பின் மூளையில் இரண்டரை லட்சம் அளவில். பழைய கதைசொல்லிகள் அறிவு முழுதாக இருப்பதாக வைத்தார்கள். நீங்கள் மெல்ல மெல்லக் குறைவதாக வைக்கலாம். முதலில் பெயர்கள் போகட்டும், அப்புறம் முகங்கள், கடைசியில் தம்பி என்ற சொல். ஏதோ ஒன்று மட்டும் போகாமல் இருக்கட்டும். அது என்ன என்று முதல் அத்தியாயத்திலேயே அவள் மனுஷியாக இருக்கும்போது ஒரு பழக்கமாகக் காட்டிவிடுங்கள்.

மாறும் கணத்தை எழுத ரோமக் கவிஞர் ஓவிட் ஒருவர் போதும். அரக்னே என்ற நெசவுக்காரி சிலந்தியாகும்போது முதலில் முடி உதிர்கிறது, அதோடு மூக்கும் காதும் போகின்றன, தலை குறுகுகிறது, விரல்கள் பக்கவாட்டில் கால்களாக ஒட்டிக்கொள்கின்றன, மிச்சமெல்லாம் வயிறு. அந்த வயிற்றிலிருந்து அவள் நூல் நூற்றுக்கொண்டே இருக்கிறாள். சிறியதாவதை உறுப்பு உறுப்பாக இழப்பதாகவே எழுதிவிட்டார். பெரிதாவதற்கு, அவர் கவிதையில் மலையாக மாறும் அட்லஸ் என்ற இராட்சதனைப் பாருங்கள். தாடியும் முடியும் காடாகின்றன, தோள் மலைமுகடாகிறது, தலை சிகரமாகிறது, எலும்பு கல்லாகிறது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் நாலா பக்கமும் வளர்கிறான். எது எதுவாக ஆனது என்று கண்ணுக்குக் காட்டிவிட்டு, பிறகு அளவைக் கூட்டுகிறார். இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மீண்டு வரும் கட்டம் இருந்தால், பழைய அளவுக்கே திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒடிஸியின் மாலுமிகள் பன்றி உருவம் நீங்கி எழும்போது முன்பைவிட இளமையாக, முன்பைவிட உயரமாக எழுகிறார்கள்.

கடைசியாக, இருவரையும் சேர்க்க ஒரு காட்சி. பகலெல்லாம் வெயில் குடித்த கல், சூரியன் மறைந்த பிறகும் வெகுநேரம் சூட்டை வைத்திருக்கும். எறும்புக்குத் தன் சூடு கிடையாது, குளிர்ந்தால் கால்கள் மெதுவாகிவிடும். மாலையில் மண் ஆறிப்போகிறது. அக்கா எங்கெங்கோ அலைந்து, காரணம் தெரியாமல் ஒரு கல்லின் மேல் ஏறுகிறாள். அங்கே கால்கள் மறுபடி லேசாக நகர்கின்றன. 5 மில்லிகிராம் பாரம் தன் மேல் ஏறியதைக் கல்லால் உணர முடியுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அன்றிரவு அவள் அங்கேயே தங்கட்டும்.